கண்டிச்சீமைக்குப் போன வழி

2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையகத் தமிழ் மக்கள் இந்நாட்டிற்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் பெயரில் ஒன்றுகூடியோர், முன்னோர் நடந்த வழியே நடந்து ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். பதினாறு நாள், ஏறத்தாழ 250 கிலோமீற்றர். அந்நடை முடிந்த சில வாரங்களில், பொகவந்தலாவையில் நான் கற்பிக்கும் பத்தாம் வகுப்பு மாணவருக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு பயிற்சி கொடுத்தேன். "ஆண்டு 1845. நீங்கள் திருச்சிராப்பள்ளிச் சீமையில் ஒரு சிற்றூரில் இருக்கிறீர்கள். கண்டிச்சீமைக்குப் போக வேண்டும். பயணத்திற்குத் திட்டம் வகுத்து எழுதி வாருங்கள்" என்பதே அப்பயிற்சி.

மாணவர் ஆர்வத்தோடு எழுதி வந்தனர். அரிசி, கருவாடு, தண்ணீர்ச் சுரைக்குடுவை, காய்ச்சலுக்குச் சுக்கு மிளகு, யானையை விரட்டத் தீப்பந்தம் என்று பட்டியல்கள் நீண்டன. ஒருவன் கைப்பேசிக்கு மின்னேற்றி என்று எழுதிப் பின்னர் நாணி அதை அடித்திருந்தான். வகுப்பு சிரித்து ஓய்ந்தபின், பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "இந்த அரிசியெல்லாம் யாரு கணக்குல சேர்?" என்று கேட்டாள். அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். மாதந்தோறும் தாயின் சம்பளச் சீட்டில் எதற்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று படித்துச் சொல்பவள் இவளே. ஆகவே அக்கேள்வி அவளுக்கு இயல்பாக வந்தது. பல நூல்களைப் படித்த எனக்கு அது தோன்றாமற் போனதுதான் வியப்பு.

நெடும்பயணத்திற்குத் திட்டமிடுவது பயணம் போகிறவனின் வேலை என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். எங்கே போவது, எப்பொழுது புறப்படுவது, எவ்வழி செல்வது, என்று மீள்வது என்பனவற்றை அவன் தீர்மானிக்கிறான். செலவையும் அவனே தாங்குகிறான். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கண்டி மலைகளுக்கு இலட்சக்கணக்கானோர் நடந்த நடையும் திட்டமின்றி நடந்ததன்று. அது பருவம் பார்த்து, ஆள் பார்த்து, கணக்குப் பார்த்துத் திட்டமிடப்பட்டது. ஆனால் திட்டமிட்டோர் நடக்கவில்லை. செலவு மட்டும் நடந்தவர் தலையில் விழுந்தது.

இந்தத் திட்டத்தின் முதல் ஏடு கோப்பியால் எழுதப்பட்டது. 1820களின் நடுவில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தாமே தோட்டம் வைத்தார். கோப்பிக்கு ஏற்றுமதித் தீர்வையை நீக்கினார். கொழும்பிலிருந்து கண்டிக்குக் கடுகண்ணாவை மலையை அறுத்து வீதி சமைத்தார். ஆட்சி செய்கிறவரே தோட்ட முதலாளியாகவும் இருந்தால் வீதி எந்தத் திசையில் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்கு உரியதாக்கிற்று. கண்டிச் சிங்கள விவசாயி தன் கிராமத்தின் காட்டை இழந்தான். இழந்தும் அவன் தோட்டத்தில் நாட்கூலியாக வரிசையில் நிற்க இசையவில்லை. வயல் அவனிடம் எஞ்சியிருந்தது. கூலிக்கு ஆள் வேறெங்கேனும் தேடவேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல். பொகவந்தலாவைத் தூய மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் சார்ள்ஸ் ஹே கமரனும் அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கமரனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். அம்மையார் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர், 1879இல் மறைந்தார். கணவர் அதற்கடுத்த ஆண்டில் மறைந்தார். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை 1832இல் ஒழிக்கக் காரணமாயிருந்த கோல்புரூக்–கமரன் ஆணைக்குழுவின் இரண்டாவது பெயருக்கு உரியவர் இவரே. நீதித்துறை பற்றிய அறிக்கை இவருடையது. கட்டாய ஊழியம் ஒழிந்து, 'சுதந்திரக் கூலி' பிறக்க வேண்டும் என்பது அக்குழுவின் கொள்கை. பின்னாளில் இவரே மலைநாட்டில் பெருநிலம் வாங்கிக் கோப்பித் தோட்டக்காரர் ஆனார். அக்கல்லறையைக் காண வெளிநாட்டார் இன்றும் வருகின்றனர். அவர்களுக்கு வழிகாட்டிப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு, அந்தச் 'சுதந்திரக் கூலி' எப்படி இங்கு வந்து சேர்ந்தான் என்பதைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே இல்லை.

அவன் வந்தது கங்காணியின் பின்னால். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் இறுதி மாதங்கள். அதற்கு முன் ஆள் வந்து சேர வேண்டும். துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி கடல் கடந்து தன் ஊருக்குச் சென்று, தனக்குத் தெரிந்தவர், உறவினர், தன்னூர்ப் பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவர் என்று ஆள்கட்டுவான். பண்ணையடிமைக்கு நீதிமன்றத்தில் ஏற்பு இல்லையென 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் சொன்னதே தவிர, பண்ணையாளுக்கு ஒரு குழி நிலமும் தரவில்லை. வந்தவருள் பெரும்பகுதியினர் சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்ட நிலமற்றோர். மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணிக்கு வேலை எளிது. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் அவன் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தேயிலைத் தூரின் அடியில் தேங்காயும் மாசியும் விளையும் என்று ஆசை காட்டி அழைத்து வந்தார்கள் என்பது எங்கள் லயங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதை நம்பி வந்த பேதைகள் என்று நம் முன்னோரைப் பார்த்துச் சிரிப்பவரும் உண்டு. நான் அவ்வாறு சிரிப்பதில்லை. பட்டினி கிடந்தவனுக்கு நம்பிக்கை ஒரு தேர்வாக இருந்ததில்லை.

வீட்டில் விட்டுச்செல்லும் பெற்றோருக்குக் கொடுத்த சில ரூபா, பண்ணையாரிடம் பட்ட கடனைத் தீர்த்த தொகை, வழியிற் சமைத்த அரிசி, தோணிக் கூலி ஆகிய எல்லாம் அவன் பெயரில் ஏறின. முதல்நாள் மண்வெட்டியைத் தொடுமுன்பே அவன் கடனாளி. மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: அரிசி அவன் கணக்கில்.

இனி வழியைப் பார்ப்போம். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து புறப்பட்ட கூட்டம் முதலில் கடற்கரைக்கு நடந்தது. பாம்பன், தேவிபட்டினம், தொண்டி முதலிய துறைகளிலிருந்து பாய்த்தோணி. பாக்குநீரிணை ஒடுங்கிய இடத்தில் கடலின் அகலம் இருபது மைல் அளவே. காற்று இசைந்தால் ஓரிரவுப் பயணம். நெரிசலும் புயலும் சேர்ந்தால் அதுவே எமலோகப் பயணம். தலைமன்னாரிலோ அரிப்பிலோ கரையேறினால் அதன்பின் கால்தான் வண்டி. மன்னார்க் காட்டைக் கடந்து, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். அந்நெடுவழியின் பெரும்பகுதி, பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் குளங்கள் தூர்ந்து மனிதர் அருகிப் போன வறண்ட காடு. ஆட்கள் வரவேண்டிய பருவம் ஆண்டின் நடுப்பகுதி. அப்பொழுதுதான் வன்னியிலும் மன்னாரிலும் குளங்கள் சேறாகிக் கிடக்கும். அச்சேற்றைத் துணியில் வடித்துக் குடித்தவருக்குக் கொள்ளைநோய் வந்தது. பறிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாதமோ மார்கழி, தை. அப்பொழுது அதே வழியில் மாரிவெள்ளமும் மலைக்காய்ச்சலும் காத்திருந்தன. கோப்பிச் செடியின் நாட்காட்டி நடப்பவனின் உயிருக்கு முற்றிலும் பகையாக அமைந்திருந்தது. 2023இல் நடந்தவர்களும் ஆடி மாத வெயிலில்தான் நடந்தனர். ஆனால் இம்முறை வழிநெடுகத் தண்ணீர்ப் போத்தல்களோடு ஊர்மக்கள் காத்திருந்தனர்.

நோயுற்றவனைத் தூக்கிச் சுமக்கக் கூட்டத்திற்கு வலுவில்லை; காத்திருக்கக் கங்காணிக்கு நேரமில்லை. குடிக்க ஒரு சிரட்டை நீரும் பிடி சோறும் பக்கத்தில் வைத்துவிட்டு மரத்தடியில் கிடத்திப் போனார்கள் என்று கேட்டிருக்கிறோம். கங்காணியை மட்டும் கொடியவனாகக் காட்டிக் கதை முடிப்பது எனக்கு உடன்பாடன்று. அவனுக்கும் மேலே துரை இருந்தார். துரைக்கும் மேலே இலண்டன் சந்தை இருந்தது. கங்காணியும் அதே காட்டு வழியில் நடந்தவன்தான். எனினும் நோயுற்றவன் இறந்தால் அவனுடைய கடனை உடன்வந்த தம்பியின் பெயருக்கோ மனைவியின் பெயருக்கோ மாற்றி எழுதக் கற்றிருந்தவனும் அவனே.

எத்தனை பேர் இறந்தனர்? 1844ஆம் ஆண்டில் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்திறங்கினர்; அவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. 1849இல் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை, அந்தப் பத்தாண்டில் வந்தவருள் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில் மாண்டிருப்பர் என்று எழுதிற்று. அத்தொகையை ஏற்பாரும் மறுப்பாரும் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் உள்ளனர். மறுப்போர் கூறும் காரணம், வந்தவர், மீண்டவர் தொகையே சரியாக எண்ணப்படவில்லை என்பது. அக்காரணத்தையே நான் பெருங்குற்றமாகக் கருதுகிறேன். 1834 முதல் மொறீசியசுக்கும், 1879 முதல் பீஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவரின் துன்பம் சிறிதன்று. ஆயினும் அவர்கள் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் ஏட்டில் ஏறின; கப்பலில் இறந்தவர் கணக்கும் எழுதப்பட்டது. மொறீசியசில் இன்று ஒருவர் ஆவணக் காப்பகத்திற்குச் சென்று தம் கொள்ளுப்பாட்டன் இறங்கிய நாளைக் கண்டெடுக்க இயலும். இலங்கைப் பயணமோ 1847ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தால் அத்தகைய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கப்பட்டது. அக்கரைக்கும் இக்கரைக்கும் தாமாகப் போய்வருகிற சுதந்திர மக்கள் என்று சொல்லி, ஏடு வைக்கும் செலவை மிச்சம் பிடித்தார்கள். கடனுக்கு ஏடு இருந்தது. ஆளுக்கு ஏடு இல்லை.

அரசு பின்னர் அசைந்தது உண்மை. 1858இல் குடியேறும் தொழிலாளருக்கென ஆணைக்குழு ஒன்று அமைந்தது. வழியில் தங்கு கொட்டகைகளும் கிணறுகளும் ஏற்பட்டன. 1872இல் தோட்டங்களுக்கான மருத்துவத் தேவைச் சட்டம் வந்தது. செத்தவனிடம் கடன் வசூலிக்க முடியாது என்பதும், ஆள் குறைந்தால் பழம் மரத்திலேயே உதிரும் என்பதும் இந்த இரக்கத்திற்கு உதவின. இந்தியாவில் கொள்ளைநோய் பரவியதை அடுத்து 1899இல் வடவீதி தொழிலாளருக்கு மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வழியே பயணம் என்றாயிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருகரையிலும் புகையிரதமும் இணைந்தன. அதன்பின் கால்நடையாக வந்தவர் இல்லை.

நடை ஒழிந்தது, கணக்கு ஒழியவில்லை. இருபதாம் நூற்றாண்டுத் திருப்பத்தில்தான், சரியாகச் சொன்னால் 1901ஐ ஒட்டி, தகரத்துண்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகரம் ஒன்றைத் தொழிலாளி கழுத்தில் அணிந்துகொள்வான். அதைக் காட்டினால் புகையிரதமும் கப்பலும் சோறும் கிடைக்கும். பணம் கொடுக்க வேண்டியதில்லை. செலவு தோட்டத்தின் பெயருக்குப் போய், அங்கிருந்து தொழிலாளியின் பெயருக்கு வந்து சேரும். பயணச்சீட்டு என்று நாம் கையில் வைத்துக்கொள்வதற்கும், பொதியில் கட்டும் முகவரிச் சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை என் மாணவருக்கு இந்தத் தகரத்தைக் கொண்டே விளக்குவேன். தோட்டம் மாற விரும்பினால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இன்றி வெளியேறியவன் குற்றவாளி. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆணுக்கு நாட்கூலி 33 சதம் என்று பல பத்தாண்டுகள் அசையாமல் நின்ற காலமும் அதுவே.

ஆள் ஏடு இல்லாமற் போனதன் விலையை மக்கள் கொடுத்தது அதன் பின்னர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. சான்று எங்கே? பாட்டன் மன்னார்க் காட்டைக் கடந்த நாளை எழுதியவர் யார்? அப்பனை லயத்து இருட்டில் பெற்றபோது பதிவாளரிடம் ஓடியவர் யார்? சட்டம் எழுதியவர்க்கு இது தெரியாததன்று. ஒருவனிடம் இல்லாததை அறிந்துகொண்டே அதைக் கேட்பது பழைய தந்திரம். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர் பார்க்கலாம் என்று விடப்பட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. பிரிக்கப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

ஆகவே அதே வழியில் இரண்டாம் முறை ஒரு நெடும்பயணம் திட்டமிடப்பட்டது, இம்முறை எதிர்த்திசையில். கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, கொண்டுசெல்லக்கூடிய பணத்திற்கும் நகைக்கும் விதிகள், புறப்படும் திகதி எல்லாம் கடதாசியில் வந்தன. அட்டனிலும் மற்ற மலைநாட்டு நிலையங்களிலும் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிகளுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குள் கொண்டுபோன பின், கப்பல் இராமேசுவரத்திற்குப் போயிற்று. போர்ச் சூழலில் 1984இல் அதுவும் நின்றது. போனவர்களுள் பலர் நீலகிரியில் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடையைக் கட்டினர். போகாதவர்களுள் நாடற்றோராய் எஞ்சியவருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்தான் பிரசாவுரிமை அளித்தது. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையை விட்டிறங்கி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள், 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் முள்வேலிக்குள் நின்றனர். செட்டிகுளம் பாட்டன்மார் தண்ணீர் தேடிய அதே காட்டின் ஓரத்தில் இருக்கிறது.

2023இல் நடந்தவர்களின் வழித்திட்டம் கண்டபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை மறைக்க விரும்பவில்லை. இன்ன நாள் இன்ன ஊரில் தங்கல், இன்ன இடத்தில் கலந்துரையாடல் என்று அவர்களே எழுதிய திட்டம் அது. காணி, வீடு, நியாயமான கூலி, சம உரிமை என்று அவர்களே எழுதிய கோரிக்கைகளும் அதிலிருந்தன. வழியில் சிங்களரும் முஸ்லிம்களும் வந்து சில மைல் உடன் நடந்தனர். நினைவுச் சடங்காக மட்டும் அது முடிந்துவிடுமோ என்னும் ஐயமும் எனக்கு உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அந்நடை மாத்தளையோடு நின்றது. பொகவந்தலாவைக்கு வந்தவர்களுக்கு மாத்தளை பாதி வழியன்றி முடிவன்று. திக்கோயாவும் பொகவந்தலாவையும் கோப்பிக்காகத் திறக்கப்பட்டது 1860களிலும் 70களிலும். நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் 1874இல் வந்தது, அட்டனுக்கு 1884இல்தான். அதற்குள் இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்துத் தேயிலைக்கு இடம்விட்டிருந்தது. மாத்தளை, கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, திக்கோயா, நோர்வூட் என்று இன்னும் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஏற்றம். சமவெளியில் பிறந்தவர்கள் ஒற்றைத் துணியோடு அட்டைக்கடியும் குளிரும் மழையுமாக ஏறிய இந்தப் பகுதியை நூல்கள் சுருக்கமாகவே சொல்லிச் செல்கின்றன. ஆகவே பயிற்சியின் இரண்டாம் பகுதியாக, மாத்தளையிலிருந்து தங்கள் லயம் வரையிலான வழியைப் படமாக வரைந்து வரும்படி மாணவரிடம் சொன்னேன். வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வரைந்து வந்தனர். இன்று வீதி இல்லாத இடங்களிலும் சில கோடுகள் சென்றன. மலைகளுக்குக் குறுக்கே, தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கு.

அந்த மாணவியும் தன் திட்டத்தைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். பொருள், அளவு, விலை என்று மூன்று நிரல்கள் போட்டிருந்தாள். அரிசிக்கு எதிரே விலை நிரலில் தொகை எதுவும் எழுதவில்லை. 'கங்காணியிடம் கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள்.